வீடாக இல்லாத குகை: மொந்தினியாக்கின் லாஸ்கோ 4, ஒரு மதிப்புரை

பிரான்சின் தென்மேற்கே, தொர்தோஞ் மாவட்டத்தில், வெசேர் ஆற்றங்கரையில் அமைந்துள்ள மொந்தினியாக் என்னும் சிற்றூருக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் லாஸ்கோ என்னும் தொல்பழங்கால ஓவியக் குகையைப் பார்ப்பதற்காக வருகின்றனர். அவர்களுள் எவரும் அந்தக் குகைக்குள் காலடி வைப்பதில்லை. அசல் குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர்கள் பார்ப்பது, அதே குன்றின் அடிவாரத்தில் 2016 டிசம்பரில் திறக்கப்பட்ட 'லாஸ்கோ 4' என்னும் பன்னாட்டுக் குகைக்கலை மையத்தையும் அதனுள் ஏறத்தாழ முழுமையாக வடிக்கப்பட்டுள்ள நகல் குகையையும்தான். நகலைப் பார்க்கக் கட்டணம் செலுத்தி இவ்வளவு தொலைவு போக வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஓவியங்களுக்காக என்றால் தயங்காமல் போகலாம். அவற்றை வரைந்த மக்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வதற்காக என்றால், இந்த மையம் பாதி வழிவரைதான் கூட்டிச்செல்லும். மீதி வழிக்கு இதே பள்ளத்தாக்கில் இன்னும் சில இடங்களுக்குப் போக வேண்டியிருக்கும்.

நகல் ஏன் தேவைப்பட்டது என்பதை அறியாமல் இந்த மையத்தை மதிப்பிட முடியாது. 1940 செப்டம்பர் 8 அன்று மார்செல் ராவிதா என்ற இளைஞர் காட்டில் ஒரு குழியைக் கண்டார். நான்கு நாள் கழித்து ஜாக் மார்சால், ஜார்ஜ் ஆஞேல், சிமோன் கோயென்காஸ் ஆகிய மூவருடன் திரும்பிவந்து, குழியை அகலப்படுத்தி உள்ளே இறங்கினார். போர் முடிந்தபின் 1948இல் குகை பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. 1950களின் நடுப்பகுதியில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே சென்றுவந்தனர். அவர்களுடைய மூச்சிலிருந்த கரியமில வாயுவும் ஈரமும் உடற்சூடும், விளக்குகளின் ஒளியும் சேர்ந்து, பதினேழாயிரம் ஆண்டுகளாகக் கெடாதிருந்த சுவர்களைச் சில ஆண்டுகளிலேயே கெடுக்கத் தொடங்கின. பச்சைப் பாசி படர்ந்தது. சுண்ணாம்புப் படிகம் வெண்திரைபோல் ஓவியங்களின்மேல் வளரத் தொடங்கியது. 1963 ஏப்ரலில் அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ குகையை மூடச் செய்தார். அதன்பின்னும் தொல்லை ஓயவில்லை. 2001இல் பூஞ்சை பரவி, பெரும் பாடுபட்டே அதைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. 1983இல் அசல் குகைக்கு அருகிலேயே திறக்கப்பட்ட 'லாஸ்கோ 2', காளைகளின் கூடத்தையும் நடுத்தாழ்வாரத்தையும் மட்டுமே கொண்டிருந்தது. 'லாஸ்கோ 3' என்பது 2012 முதல் நாடு நாடாகச் சுற்றிவரும் கண்காட்சி. ஆக, இப்போது நாம் பார்ப்பது அந்த வரிசையில் மூன்றாவது நகல்.

நார்வே நாட்டின் ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்த கட்டடம், கான்கிரீட்டாலும் கண்ணாடியாலும் ஆகி, வயலுக்கும் காட்டுக்கும் இடையே நிலத்தில் விழுந்த ஒரு நீண்ட வெட்டுப்போலக் கிடக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் கட்டடம் இருப்பதே தெரியாத அடக்கம் அதற்குண்டு. பார்வையாளர்கள் குழுவாக மேலே ஏறிச்சென்று பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, சரிவுப்பாதை வழியாகக் குகைவாயிலுக்கு இறங்குகின்றனர். இறங்கும்போது 1940ஆம் ஆண்டின் சிறுவர்களுடைய குரலும் அவர்களின் நாய் ரோபோவின் குரைப்பும் ஒலிக்கின்றன. நாய் குழிக்குள் விழுந்ததால்தான் குகை கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதை உலகெங்கும் பரவியிருப்பதால், இந்தக் குரைப்பொலியை நான் முழு மனத்துடன் வரவேற்கவில்லை. கண்டுபிடிப்பின் கதை, குகையின் கதையை எப்போதும் முந்திக்கொண்டு நிற்பது லாஸ்கோவின் தலையெழுத்துபோலும்.

உள்ளே நுழைந்த கணத்திலிருந்து என் குறைகூறும் குணம் தணிந்துவிட்டது. வெளிச்சம் குறைகிறது, காற்று குளிர்கிறது, காலடி ஓசை மங்குகிறது. சுவர்களை முப்பரிமாண லேசர் முறையில் அளந்து, பாலிஸ்டிரீன் கட்டிகளில் அந்த வடிவத்தைக் குடைந்து, அதன்மேல் பிசின் ஓடு வார்த்து, பாறையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் கைவினைஞர்கள் திருத்தியிருக்கிறார்கள். பிறகு ஓவியர்கள் அசலின் படங்களைச் சுவரில் ஒளியாக வீழ்த்தி, கோடு கோடாக வரைந்து முடித்திருக்கிறார்கள். அன்றைய ஓவியர் சில நிமிடங்களில் துணிந்து இழுத்த கோட்டை மீட்டெடுக்க இன்றைய ஓவியருக்கு நாட்கணக்கில் தேவைப்பட்டிருக்கும் என்பதை அருகே நின்று பார்க்கும்போது உணர முடிகிறது. பாறையின் புடைப்பே குதிரையின் வயிறாகவும், விளிம்பே எருதின் முதுகாகவும் ஆகும் இடங்களில் தட்டையான நூற்படங்கள் எவ்வளவு ஏமாற்றிவிட்டன என்பதும் புலப்படுகிறது. இந்த ஓவியங்களைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர்கள் அவற்றில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

காளைகளின் கூடத்தில் சுவரின் மேற்பகுதி வெண்படிகத்தால் மூடப்பட்டும், கீழ்ப்பகுதி பழுப்பாகவும் உள்ளது. வெண்மையும் பழுப்பும் சந்திக்கும் கோட்டையே தரையாகக் கொண்டு விலங்குகள் ஓடுவதுபோல் வரைந்திருக்கின்றனர். ஆரோக்ஸ் எனப்படும், இன்று அழிந்துவிட்ட காட்டெருதுகளில் ஒன்று ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமுடையது. அத்தனை பெரிய உருவத்தைப் பின்னால் தள்ளி நின்று சரிபார்க்கவும் போதிய வெளிச்சமில்லாத நிலையில் அளவு பிசகாமல் வரைந்த கையை எண்ணி வியக்காமலிருக்க முடியாது. நடுத்தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு பாறைத் திருப்பத்தைச் சுற்றித் தலைகீழாக வரையப்பட்ட குதிரையை ஒரே இடத்தில் நின்றுகொண்டு முழுமையாகப் பார்க்க முடியாது. வரைந்தவராலும் பார்த்திருக்க முடியாது. ஆயினும் உடலின் விகிதம் சரியாகவே இருக்கிறது. விலங்கின் அப்புறத்துக் கால்களை உடலோடு ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டு வரைந்து தொலைவை உணர்த்தும் உத்தியை வழிகாட்டி சுட்டிக்காட்டியபோது, குழுவில் இருந்த சிறுவர்கள்கூட அமைதியானார்கள்.

குகை மனிதர் என்றவுடன் நம்மில் பலருக்குத் தோன்றும் உருவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோளில் புலித்தோல், கையில் தடி, கூனிய முதுகு, பேச்சுக்குப் பதில் உறுமல், சில சமயம் பின்னால் ஒரு டைனோசர். டைனோசர்கள் அழிந்து ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே மனிதர் தோன்றினர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கேலிச்சித்திரங்களுக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை. கூனிய முதுகுக்கு ஒரு தனி வரலாறு உண்டு, அது நடந்த இடமும் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. 1908இல் லா ஷாப்பெல் ஓ சேன் என்ற ஊரில் நியாண்டர்தால் எனப்படும், இன்று மறைந்துவிட்ட வேறொரு மனித இனத்தைச் சேர்ந்த முதியவரின் எலும்புக்கூடு கிடைத்தது. அதை ஆராய்ந்த மார்செலின் பூல், முழங்கால் மடங்கி, தலை முன்தள்ளி, தள்ளாடி நடக்கும் ஒரு பிராணியாக அவரைச் சித்தரித்தார். அந்த முதியவருக்குக் கடுமையான மூட்டுவாதம் இருந்ததையும், ஆரோக்கியமான நியாண்டர்தால் மனிதர் நம்மைப்போலவே நிமிர்ந்து நின்றிருப்பார் என்பதையும் 1957இல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். அதற்குள் அரை நூற்றாண்டு ஓடி, அந்தப் படம் மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. மேலும், லாஸ்கோவை வரைந்தவர்கள் நியாண்டர்தால்கள் அல்லர். நியாண்டர்தால்கள் மறைந்து பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த, உடலமைப்பிலும் மூளையிலும் நம்மிலிருந்து வேறுபடாத மனிதர்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் குகை மனிதர் பற்றிய பேச்சில் மிகப் பரவலான பிழை.

அடுத்த பெரிய பிழை, அவர்கள் குகையில் குடியிருந்தார்கள் என்பது. லாஸ்கோ மையம் பார்வையாளருக்குத் தரும் மிகச் சிறந்த பாடம் இதைத் திருத்துவதே. இந்தக் குகை எவருக்கும் வீடாக இருந்ததில்லை. இருளும் ஈரமும் நிறைந்த ஆழ்குகையில் மனிதர் நெடுங்காலம் குடியிருப்பது கடினம். வரைவதற்காக உள்ளே வந்தவர்கள் விளக்கேற்றினார்கள், உண்டார்கள், கருவிகளை விட்டுச்சென்றார்கள், வெளியேறினார்கள். அவர்கள் வாழ்ந்தது வெயில்படும் பாறை ஒதுங்கிடங்களிலும் திறந்தவெளிக் கூடாரங்களிலும். மக்தலேனியன் என்ற காலகட்டத்துக்கே பெயர் தந்த லா மதலேன், வெசேர் ஆற்றை ஒட்டிய அப்படிப்பட்ட ஒரு பாறை ஒதுங்கிடம்தான். லாஸ்கோவுக்குச் சில ஆயிரம் ஆண்டுகள் பிந்திய பேன்ஸ்வான் என்ற இடத்தில், சேன் ஆற்றங்கரையில், துருவமான் வேட்டைக்காரர்கள் தங்கியிருந்த தடங்கள் அடுப்புகளுடனும் கற்கருவிச் சில்லுகளுடனும் மண்ணுக்கடியில் அப்படியே பதிந்து கிடைத்திருக்கின்றன. குகையில் எச்சங்கள் அழியாமல் தங்குகின்றன. வெட்டவெளியில் பெரும்பாலும் அழிந்துபோகின்றன. நமக்குக் கிடைத்த இடங்களையே அவர்கள் வாழ்ந்த இடங்கள் என்று எண்ணிவிட்டோம்.

லாஸ்கோ குகைக்குள் கிடைத்த விலங்கெலும்புகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரெயின்டீர் எனப்படும் துருவமானுடையவை. அதாவது, ஓவியர்களின் உணவு அதுவே. ஆனால் குகைச் சுவர்களில் அடையாளம் காணக்கூடிய ஏறத்தாழ அறுநூறு விலங்குகளில் துருவமான் என்று கருதத்தக்க உருவம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் செதுக்கலாக உள்ளது. பாதிக்கும் மேற்பட்டவை குதிரைகள். வேட்டை பலிக்க வேண்டும் என்பதற்காகவே மந்திரம்போல் வரைந்தார்கள் என்ற பழைய விளக்கத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. நார்பர் ஓஜுலா என்ற ஆய்வாளர், ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்ட இடங்களை நுணுகிப் பார்த்து, முதலில் குதிரை, பிறகு ஆரோக்ஸ், கடைசியாகக் கலைமான் (சிவப்பு மான் இனத்தின் ஆண், துருவமான் அன்று) என்ற வரிசை மாறாமல் வருவதைக் கண்டார். அவற்றின் ரோமமும் கொம்பும் காட்டும் பருவங்களை வைத்து, குதிரைகள் குளிர்கால முடிவையும் ஆரோக்ஸ்கள் கோடையையும் கலைமான்கள் இலையுதிர்காலத்தையும் குறிக்கின்றன என்று விளக்கினார். இந்த விளக்கம் தெரிந்தபின் சுவரைப் பார்த்தால் சுவரே வேறாகத் தோன்றுகிறது. வழிகாட்டி அதைத் தொட்டுச் செல்லாவிட்டால், தயங்காமல் கேளுங்கள்.

நகல் குகையிலிருந்து வெளிவந்ததும் பார்வையாளர் ஒரு சிறு திறந்த முற்றத்தில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, 'பட்டறை' என்று அழைக்கப்படும் பெருங்கூடத்துக்குச் செல்கின்றனர். என்னைப் பொறுத்தவரை, மையத்தின் உயிர்ப்பான பகுதி இதுவே. குகையின் எட்டுப் பகுதிகள் முழு அளவில் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டுள்ளன. அவசரமில்லாமல், குழுவின் இழுப்பில்லாமல், விரும்பிய நேரம் நிற்கலாம். கிணறு எனப்படும் ஆழமான பகுதியில் உள்ள புகழ்பெற்ற காட்சியும் இங்கேதான் இருக்கிறது. குடல் சரிந்த ஒரு பைசன் காட்டெருது, அதன்முன் சாய்ந்து கிடக்கும் பறவைத்தலை மனிதன், கழியின்மேல் ஒரு பறவை, சற்றுத் தள்ளி விலகிப்போகும் காண்டாமிருகம். லாஸ்கோ முழுவதிலும் மனித உருவம் இது ஒன்றுதான். அத்தனை நுட்பமாகக் காளைகளை வரையத் தெரிந்தவர்கள் மனிதனை மட்டும் குழந்தை கிறுக்கியதுபோல் நான்கு விரல்களுடன் வரைந்திருப்பது இயலாமையால் அன்று என்பதை வேறெந்தச் சான்றும் இல்லாமலேயே இந்தச் சுவர் நிறுவிவிடுகிறது.

பட்டறையில் நுட்பங்களும் விளக்கப்படுகின்றன. கரிய நிறம் மாங்கனீசு தாதுவிலிருந்தும், சிவப்பும் மஞ்சளும் இரும்புத் தாதுக்களிலிருந்தும் வந்தவை. வண்ணப்பொடியை வாயால் அல்லது குழலால் ஊதியும், ஒற்றியும், தூரிகையால் இழுத்தும் பூசியிருக்கின்றனர். கரித்துண்டால் வரையாததால் ஓவியங்களின் வயதை நேரடியாகக் கரிம முறையில் கணிக்க முடியவில்லை என்பதும், குகைக்குள் கிடைத்த பிற பொருட்களைக் கொண்டே அது கணிக்கப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கவை. நடுத்தாழ்வாரத்தில் இரு சுவர்களிலும் எதிரெதிரே உள்ள குழிகள், உத்தரங்களைச் செருகிச் சாரம் கட்டியதைக் காட்டுகின்றன. சாரம் கட்டுவதற்கு மரம் வெட்ட வேண்டும், கயிறு முறுக்க வேண்டும், ஒருவர் மேலே வரையும்போது இன்னொருவர் விளக்கைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் வண்ணம் அரைக்க வேண்டும். தாவர நாரால் திரித்த கயிற்றின் எச்சத்தையே 1953இல் ஆந்த்ரே குளோரி என்ற பாதிரியார் குகைக்குள் கண்டெடுத்தார். தடியைத் தூக்கி உறுமிக்கொண்டிருந்தவர்களால் செய்யக்கூடிய வேலை அல்ல இது. திட்டமிட்டு, பேசி, வேலையைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களின் வேலை.

திரையரங்கும் முப்பரிமாணப் படமும் நன்றாகவே உள்ளன. இரண்டையும் பார்க்க நேரமில்லாதவர் வருந்த வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டு ஓவியர்களின் படைப்புகளைக் குகைக்கலையோடு உரையாட வைக்கும் கடைசிக் கூடத்தைவிட, அந்த இடத்தில் ஓர் அடுப்பும் ஒரு கூடாரமும் வைத்திருந்தால் நான் அதிகம் மகிழ்ந்திருப்பேன். என் முதன்மையான குறை இதுதான். ஓவியத்துக்கு இத்தனை கூடங்கள் தந்த மையம், ஓவியர்கள் எதை உடுத்தார்கள், எப்படிச் சமைத்தார்கள், பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள் என்பவற்றுக்குத் தரும் இடம் மிகச் சிறியது. பனியூழியின் கடுங்குளிரில் வாழ்ந்தவர்கள், தோளில் ஒற்றைத் தோலைப் போட்டுக்கொண்டு உயிர்பிழைத்திருக்க முடியாது. காதுள்ள எலும்பு ஊசிகள் பிரான்சில் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. உடலுக்குப் பொருந்தத் தைத்த உடைகளையே அவர்கள் அணிந்தனர். உணவும் வெறும் இறைச்சி மட்டுமன்று. இத்தாலியில் பிலான்சீனோ என்ற இடத்தில் கிடைத்த ஏறத்தாழ முப்பதாயிரம் ஆண்டுப் பழமையான அரைகற்களில் தாவர மாவின் எச்சம் ஒட்டியிருந்தது. முப்பது வயதுக்குள் எல்லோரும் இறந்தார்கள் என்பதும் சராசரியைத் தவறாகப் படித்ததால் வந்த கருத்து. குழந்தைப் பருவத்தில் நேர்ந்த மிகுதியான இறப்புகள் சராசரியைக் கீழே இழுத்தன, வளர்ந்தவர்களில் முதுமை கண்டவர்களும் இருந்தனர். ஐரோப்பாவின் பண்டைய மனிதர்களை வெள்ளை நிறத்தவராகவே காட்டும் பழக்கத்தையும் மரபணு ஆய்வுகள் அசைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் செடார் பள்ளத்தாக்கில் கிடைத்த, ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவருக்குக் கரிய தோல் இருந்திருக்கக்கூடும் என்று 2018இல் அறிவிக்கப்பட்டபோது அங்கே எழுந்த சலசலப்பு பலருக்கு நினைவிருக்கும். இவற்றை எல்லாம் விளக்க ஒரு கூடம் போதும். ஐந்தரைக் கோடி யூரோவுக்கு மேல் செலவான திட்டத்தில் அதற்கு இடம் கிடைத்திருக்க வேண்டும்.

இந்தக் குறையை நிரப்ப, காரில் சுமார் அரைமணி நேரத் தொலைவிலுள்ள லெஸ் எய்சி ஊருக்குச் செல்ல வேண்டும். ஐரோப்பாவில் வாழ்ந்த நம் இனத்துப் பண்டைய மனிதரைக் குறிக்கும் குரோமான்யோன் என்ற பெயர் உலகுக்குக் கிடைத்தது, 1868இல் இவ்வூரின் பாறை ஒதுங்கிடத்தில் கண்டெடுத்த எலும்புக்கூடுகளால்தான். அங்குள்ள தேசிய தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் ஊசிகளும் ஈட்டி எறியும் கருவிகளும் அணிகளும் வரிசை வரிசையாக உள்ளன. லாஸ்கோவின் கிணற்றிலிருந்து கிடைத்த, இளஞ்சிவப்பு மணற்கல்லில் கரண்டி வடிவில் செதுக்கப்பட்ட கொழுப்பு விளக்கும் அங்கேயே இருக்கிறது. அந்த விளக்கின் கைப்பிடியில் செதுக்கப்பட்ட கோடுகளை நகல் குகையின் காளைகளுக்கு இணையாகவே நான் மதிக்கிறேன். அசல் சுவரை அசலாகவே பார்க்கவேண்டும் என்பவர்களுக்கு அதே ஊரில் ஃபோன் த கோம் குகை உள்ளது. பல வண்ண ஓவியங்கள் கொண்ட, இன்னும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் மிகச் சில குகைகளில் அது ஒன்று. நாளொன்றுக்கு அனுமதிக்கப்படுவோர் தொகை மிகக் குறைவு என்பதால் வெகு முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். ஓவியங்கள் மங்கலானவை, லாஸ்கோ நகலின் பளிச்சென்ற காளைகளுக்குப் பழகிய கண் முதலில் எதையும் காணாது. வழிகாட்டியின் விளக்கொளி சுவரில் சாயும்போதுதான் பைசனின் முதுகு எழும்.

அதே பள்ளத்தாக்கின் சாலையோரக் கடைகளில் சிலவற்றில், தடியேந்திய தாடிக்கார பொம்மைகளும் டைனோசர் முட்டைகளும் இன்னும் விற்பனைக்கு இருக்கின்றன. பிள்ளைகள் கேட்டால் வாங்கிக்கொடுப்பதில் தவறில்லை. மையத்தைப் பார்த்துவிட்டு வாங்கினால் அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். நகல் குகைக்குள் வழிகாட்டியுடன் குழுவாகவே செல்ல முடியும் என்பதால், நுழைவுச்சீட்டை நேரம் குறித்து இணையதளத்திலேயே முன்பதிவு செய்வது நல்லது; ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இது மிக அவசியம். பிரெஞ்சு மொழி தெரியாதவர்கள் ஆங்கில வழிகாட்டியுள்ள நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் பொதுப் போக்குவரத்து குறைவு. சொந்தக் காரோ வாடகைக் காரோ இல்லாமல் மொந்தினியாக்கையும் லெஸ் எய்சியையும் ஒன்றாகப் பார்ப்பது சிரமம். கோடையிலும் ஒரு மேலாடை வேண்டும். அரைநாள் ஒதுக்கினால் பட்டறையில் நிதானமாக நிற்கலாம். அதைவிடக் குறைவான நேரமே இருந்தால், திரையரங்கையும் கலைக்கூடத்தையும் விட்டுவிட்டு அந்த நேரத்தைப் பட்டறைக்கே கொடுத்துவிடுங்கள். இரண்டு நாள் இருந்தால், முதல் நாளில் லெஸ் எய்சி அருங்காட்சியகத்தையும் மறுநாள் லாஸ்கோ 4ஐயும் பார்ப்பதே சரியான வரிசை. விளக்கையும் ஊசியையும் பார்த்துவிட்டு வருபவருக்கு, காளைகளை வரைந்த கைகள் யாருடையவை என்று எவரும் விளக்க வேண்டியிராது.